பழைய காரின் உள்பக்கத்துக்குப் புதுப் பெயின்ட்: வீட்டிலேயே செய்ய நினைக்கும் வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசிடர், பியட், ஹெரால்டு எல்லாவற்றுக்கும் இதே முறைதானா?

பெயின்ட் அடிக்கும் முறை ஒன்றுதான். அதற்கு முன் பார்க்க வேண்டியது வண்டிக்கு வண்டி மாறும். வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்) உண்டு. உடலை அதன்மேல் வைத்து போல்ட் முடுக்கியிருப்பார்கள். அம்பாசிடரும், பியட் 1100 என்று வந்து பின்னால் பிரீமியர் பத்மினி ஆன வண்டியும் அப்படியில்லை. அவற்றில் தரைத்தகடும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அவை இற்றுப்போயிருந்தால் உள்ளே எவ்வளவு மினுக்கினாலும் பிணத்துக்கு அலங்காரம்தான்.

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் காலத்தில் பூட்டிய ஆஸ்டின் ஏ40 யாரிடமாவது இருந்தால், அதுவும் தனிச் சட்டத்து வண்டிதான். அவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு, பிறகு இதே பதில்கள்.

எங்கிருந்து தொடங்குவது? டாஷ்போர்டிலிருந்தா, கதவிலிருந்தா?

தரையிலிருந்து. எல்லோருக்கும் கண்ணில் படும் டாஷ்போர்டின் மேல்தான் ஆசை. துரு இருப்பதோ கால்மிதியின் கீழே.

பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட்டு, இருக்கைகளை எடுங்கள், கால்மிதியை உரியுங்கள். தண்டையார்பேட்டையில் ஒரு பத்மினியைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே கண்ணாடி போன்ற மினுமினுப்பு. ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கியதும் ஈரச் சணல் வாடை வந்தது. அடியில் தரைத்தகடு வாழைப்பூ நிறத்தில் ஏடு ஏடாக உரிந்து நின்றது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். அது உள்ளே இறங்கி, கீழே தெருவின் சிமென்ட்டைத் தொட்டது. உரிமையாளர் கையில் புது கிரீம் நிற பெயின்ட் டப்பாவோடு நின்றிருந்தார்.

ஆகவே பெயின்ட் வாங்கும் முன் ஸ்க்ரூடிரைவரால் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் இல்லை.

துரு வருவது எல்லா ஊருக்கும் பொதுதானே? வடசென்னைக்கு மட்டும் என்ன தனிக் கவலை?

உப்பு. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டியே குடியிருக்கிறோம். காற்றில் வரும் உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தகட்டின் துளைகளுக்குள் அது தங்கிவிட்டால், மேலே எத்தனை கோட் அடித்தாலும் அடியில் ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளமாகக் கிளம்பும். ஆறு மாதத்தில் பெயின்ட் பொரிந்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

இதில் பெரும்பாலோர் யோசிக்காத ஒன்று தண்ணீர். நம் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிய கதை ஊரறிந்தது. அந்தத் தண்ணீரை ஊற்றி வாட்டர் பேப்பர் தேய்த்தால், துருவை எடுக்கிற கையாலேயே உப்பைத் தடவுகிறீர்கள். தேய்ப்பதற்கும் கடைசிக் கழுவலுக்கும் மெட்ரோ தண்ணீரையே பயன்படுத்துங்கள். லாரித் தண்ணீரைக் காருக்கு ஊற்றுவதா என்று வீட்டில் சண்டை வரும். இரண்டு குடம் போதும் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

மழை பெய்தால் உள்ளே கசிகிறது. பெயின்ட் அடித்த பிறகு ரப்பரை மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது, முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சும் சாக்பீஸுமாக உட்காரட்டும். இன்னொருவர் வெளியிலிருந்து முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் தொடங்கி மெதுவாக மேல்நோக்கித் தண்ணீர் விடட்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது காரணம் என்று தெரியாமல் போகும். உள்ளே துளி தெரிந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள்தான் பெரும்பாலும் குற்றவாளி.

கதவையும் பாருங்கள். கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியேறத்தான் கதவின் அடியில் துளைகள் இருக்கின்றன. அவை சேறடைத்தால் கதவின் அடித்தகடு இற்றுவிடும். ரெக்சின் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருந்த பாலிதீன் தாளை எந்தக் காலத்திலோ யாரோ கிழித்து எறிந்திருப்பார்கள். அதை மீண்டும் ஒட்டாவிட்டால் ஹார்டுபோர்டு ஊறி உப்பும்.

தரையில் கறுப்பாகத் தார் ஒட்டியிருக்கிறது. அதன்மேலேயே அடித்துவிடலாமா?

இரைச்சலைக் குறைக்க ஒட்டிய தார்ப்பாய் அது. அதன்மேல் பெயின்ட் அடித்தால் தின்னர் தாரைக் கரைத்துப் பழுப்புக் கறையாக மேலே கொண்டுவரும். அதைவிட மோசம், விளிம்பு விட்டுப்போன தாரின் அடியில் தண்ணீர் தேங்கித் தகட்டைத் தின்றுகொண்டிருக்கும். பெயர்த்துவிடுவதே நல்லது.

வெயிலில் தார் இளகியிருக்கும்போது சுரண்டினால் இழுபட்டுக்கொண்டே வரும், கையெல்லாம் அப்பும். அதைக் குளிர வைக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் உலர் பனிக்கட்டி போடுகிறார்கள். நமக்குக் காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் இருக்கிறது. நொறுக்கிய ஐஸை கனமான பாலிதீன் பையில் கட்டி, தாரின்மேல் அரை மணி நேரம் வையுங்கள். தார் இறுகியதும் பட்டைக் கத்தியைச் சரித்துவைத்து மரச் சுத்தியால் தட்டினால் துண்டு துண்டாகப் பெயரும். உலர் பனி அளவுக்கு ஒரே தட்டில் வராது, ஆனால் வரும். பை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கும் பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அந்தப் பிசுக்கை சோப்புத் தண்ணீரால் எடுத்துவிடுங்கள்.

தரையில் ஓட்டை விழுந்துவிட்டது. ஃபைபர் துணியும் பட்டியும் வைத்து அடைக்கலாமா?

வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஃபைபரின் அடியில் துரு ஓடிக்கொண்டே இருக்கும். அழுகிய தகட்டை நல்ல இரும்பு வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அது டிங்கரிங் தெரிந்தவர் வேலை. வியாசர்பாடி, மூலக்கடைப் பக்கம் பழைய கைகள் இன்னும் இருக்கின்றன. பத்மினியில் கதவுக்குக் கீழே வெட்டும்போது, வண்டி வளையாமல் முட்டுக் கொடுத்தாரா என்று பாருங்கள். வெல்டிங் முடிந்து கதவு ஒழுங்காகச் சாத்தவில்லையென்றால், அதன்பின் எந்தப் பெயின்டரும் உங்களுக்கு உதவ முடியாது.

மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி. கழுவிக் காயவைத்துவிட்டோம். போதாதா?

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் தண்ணீரோடு எண்ணெய்ப் பிசுக்கும் வந்தது. அப்படி நின்ற வண்டியில் சோப்புத் தண்ணீர் மட்டும் போதாது. சந்துபொந்துகளில் எண்ணெய் இருக்கும், அதன்மேல் பிரைமர் பிடிக்காது. டீகிரீசர் போட்டு, துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். வெள்ளைத் துணியில் கறை வராதவரை நிறுத்தாதீர்கள்.

இருக்கை மெத்தையில் ரப்பர் பூசிய தேங்காய் நார் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அது முழுசாகக் காயாது. பெட்டித்தகடுகளின் அடைப்பான்களைக் கழற்றி, உள்ளே வண்டல் இருக்கிறதா என்று கம்பியை விட்டுப் பாருங்கள்.

பழைய பெயின்டை முழுக்கச் சுரண்ட வேண்டுமா?

ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டாதீர்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் கதவின் உள்விளிம்பில் நன்றாக இருந்தால், பாலிஷ் போட்டு அப்படியே விட்டுவிடுவதுதான் என் கட்சி. நாம் அடிப்பது எதுவும் அதற்கு ஈடாகாது.

அடித்தே ஆகவேண்டிய இடத்தில், அடியில் இருப்பது என்ன பெயின்ட் என்று முதலில் தெரிய வேண்டும். மறைவான இடத்தில், தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திவைத்துத் தேயுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். கரையாமல் தோல் சுருங்கிப் பொங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லையென்றால் ஹார்டனர் கலந்து அடித்தது, அல்லது சூளையில் சுட்டது. எனாமல்மேல் என்.சி. அடித்தால் தின்னர் அடிக்கோட்டைச் சுருட்டிவிடும்.

இன்னொன்று: அந்தக் காலப் பெயின்ட்களில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்களுக்கே 90 பிபிஎம் என்ற ஈய வரம்பு 2016-ஆம் ஆண்டு விதிகளில்தான் வந்தது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், நனைத்தே தேயுங்கள். வழித்ததை ஒழுகாத பாலிதீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள்.

துருவை எடுத்தபின் எந்த பிரைமர்?

ஏடு ஏடாக இருப்பதைக் கம்பி பிரஷ்ஷாலும் 80-ஆம் நம்பர் தாளாலும் எடுங்கள். குழிகளில் தங்கும் கறுப்புக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி (ரஸ்ட் கன்வர்ட்டர்). அது வேலை செய்து முடித்ததும், டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்து உலர்த்துங்கள். அமில மிச்சத்தின்மேல் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது.

தரைக்கு எபாக்சி பிரைமரைத்தான் சொல்வேன். ரெட் ஆக்சைடு மலிவு, கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நல்லது. ஆனால் தனியாக விட்டால் ஈரம் அதனூடே புகும். தேய்த்த இரும்பை இரவு முழுக்கத் திறந்துபோடாதீர்கள். நம் காற்றில் காலைக்குள் செம்பழுப்பு படர்ந்துவிடும். சுத்தம் செய்த அன்றே பிரைமர்.

என்.சி., எனாமல், பி.யு. (பாலியூரித்தேன்): உள்பக்கத்துக்கு எது?

எங்கே அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தரைக்கு எனாமல் போதும், பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். மேலே கால்மிதி வரப்போகிறது, அங்கே மினுமினுப்பு யாருக்காக? கதவின் மேல்விளிம்பு, டாஷ்போர்டு, கண்ணாடிச் சட்டம் போன்ற கண்ணில் படும் இரும்புக்கு என்.சி. அழகாக உட்காரும். டுக்கோ என்று பழைய பெயின்டர்கள் சொல்வது இதைத்தான். தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது என்பதால், தப்பு நேர்ந்தாலும் தேய்த்துத் திருத்தலாம், பாலிஷ் ஏறும். புதியவருக்கு இதைவிடப் பொறுமையான பெயின்ட் கிடையாது. பெட்ரோலும் நகப்பூச்சு நீக்கியும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பி.யு. உறுதியானது, நீடிப்பது. ஆனால் வீட்டில் ஸ்பிரே செய்யாதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்த மூடுபனி நுரையீரலில் போனால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளியளவும் தாங்காது. அதற்குத் தனி வாடை இல்லாததால், கரிப் பில்ட்டர் முகமூடி தீர்ந்துபோனதுகூடத் தெரியாது. தொழில்முறைக் கூடங்களில் வெளியிலிருந்து குழாயில் காற்று தரும் முகமூடி போடுவது அதனால்தான். சுவரோடு சுவர் ஒட்டிய ராயபுரத்துச் சந்தில், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக அதை அடிப்பது பாவம். பி.யு.தான் வேண்டும் என்றால், பாகங்களைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி ஸ்பிரே கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

என்.சி.யும் பன்னீர் அல்ல. தின்னர் புகை எளிதில் தீப்பிடிக்கும். உள்ளே அடிக்கும்போது நான்கு கதவும் திறந்திருக்கட்டும், அடுப்பு, சிகரெட், பொறி விடும் மின்விசிறி எதுவும் அருகில் வேண்டாம். கரிப் பில்ட்டர் முகமூடி கட்டாயம். மூக்கில் கட்டும் கைக்குட்டை எதையும் தடுக்காது.

எந்த மாதத்தில் அடிக்கலாம்?

பொங்கல் கழிந்து சித்திரை வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது டிங்கரிங், ரெக்சின், வயரிங் வேலைகளை முடித்து வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் தின்னர் தகட்டைத் தொடும் முன்பே பறந்துவிடும், பெயின்ட் சொரசொரவென்று தூளாக விழும்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் தகடு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பனி அதில் படியும். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலின் விதி. அதை அளக்கக் கருவி இல்லையென்றால் 9 மணிக்கு மேல் தொடங்குங்கள். பிற்பகலில் கடற்காற்று ஏறும்முன் முடித்துவிடுங்கள். அந்தக் காற்று ஈரத்தையும் கொண்டுவரும், துறைமுகப் பக்கத்துத் தூசியையும் கொண்டுவரும். ஈரக்காற்றில் என்.சி. அடித்தால் மேலே வெண்மூட்டம் படரும். பதற்றப்பட்டுச் சுரண்ட வேண்டாம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிய கோட்டாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கம்ப்ரசர் வாங்க வேண்டுமா?

வாடகைக்கு எடுங்கள். சிறு பாகங்களுக்கு ஸ்பிரே கேனே போதும். கம்ப்ரசர் எடுத்தால், தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டே இருங்கள். சென்னைக் காற்றை அழுத்தினால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். குழாயில் நீர்ப்பிடிப்பான் இல்லாமல் அடித்தால் அந்தத் துளிகள் பெயின்ட்டில் போய் விழும். கன்னைத் தகட்டிலிருந்து 6 முதல் 8 அங்குலத்தில் பிடித்து, மெல்லிய கோட்டுகளாக, இடையில் 10 நிமிடமாவது விட்டு அடியுங்கள். ஒரே கோட்டில் மூடிவிட வேண்டும் என்ற அவசரம்தான் வழிசலுக்குக் காரணம்.

பழைய நிறத்தை எப்படிப் பிடிப்பது?

வெளியே தெரியும் இடத்தை வைத்துப் பொருத்தாதீர்கள். அது வெயிலில் வெளுத்தது. கையுறைப் பெட்டியின் உள்புறம், சாம்பல் தட்டின் பின்புறம், கதவுப் பலகைக்கு அடியில் என்று வெயில் படாத இடம் ஏதாவது இருக்கும். கழற்ற முடிகிற பாகத்தைக் கையோடு மிக்சிங் கடைக்கு எடுத்துப் போங்கள். கணினி சொல்லும் கலவையை முடிவாக எடுக்காமல், ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் பொருந்திய கிரீம், தெருவில் மஞ்சளாகத் தெரியும்.

டாஷ்போர்டின் மேல்பகுதியைப் பளபளப்பாக அடிக்கலாமா?

வேண்டாம். அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழும். எண்ணூர் விரைவுச் சாலையில் எதிர்வெயிலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தால் புரியும். மேல்பகுதிக்கு மேட், உங்களைப் பார்த்திருக்கும் முகப்புக்கு மினுமினுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடித்தவுடன் குட்டிக் குட்டி வட்டக் குழிகள் விழுகின்றன. ஏன்?

சிலிக்கான். டாஷ்போர்டுக்கும் டயருக்கும் ஆண்டுக்கணக்கில் தேய்த்த பாலிஷ் தகட்டில் ஒட்டியிருக்கிறது. பெயின்ட் அதிலிருந்து விலகி ஓடும். மேலே மேலே அடித்தால் குழி மூடாது. காயவிட்டு, தேய்த்து, சிலிக்கான் எடுக்கும் திரவத்தால் ஒரு துணியில் துடைத்து, ஈரம் காயும் முன் இன்னொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்னரும் இதைச் செய்யுங்கள்; இல்லையென்றால் உப்புத்தாள் அதை இன்னும் உள்ளே அழுத்திவிடும்.

ரெக்சினுக்கும் ஸ்டீயரிங்குக்கும் பெயின்ட் அடிக்கலாமா?

ரெக்சின் கிழியாமல், நிறம் மட்டும் மங்கியிருந்தால், வினைலுக்கென்றே விற்கும் நெகிழும் பூச்சு உண்டு. சோப்பு, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதன்பின் மிக மெல்லிய கோட்டுகள். கதவுப் பலகைக்குச் சரிப்படும். உட்காரும் இருக்கையில் பக்கவாட்டிலும் முன்விளிம்பிலும் சீக்கிரம் உரியும். அங்கே புது ரெக்சின் தைப்பதே மேல். சாதாரண எனாமல் அடித்த ரெக்சினை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறை உட்கார்ந்ததும் அப்பளம்போல் நொறுங்கும்.

ஸ்டீயரிங் வெடிப்புகளை அரத்தால் அகலப்படுத்தி, எபாக்சி பசையால் நிரப்பி, தேய்த்து அடிக்கலாம். உள்ளிருக்கும் இரும்பு வளையமே இற்றிருந்தால் மாற்றிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எங்கெல்லாம் பெயின்ட் படக்கூடாது?

சேசிஸ் எண்ணும் அதன் தகடும் முதல் இடம். தேய்க்கவும் கூடாது, மூடவும் கூடாது. எண் படிக்க முடியாமல் போனால் எப்.சி. நேரத்தில் பெரும் தலைவலி. அடுத்து, எர்த் ஒயர் உட்காரும் இடம்: அங்கே பெயின்ட் பட்டால் விளக்கு மங்கும், ஹாரன் விட்டுவிட்டு அடிக்கும், எலக்ட்ரீஷியன் பழைய ஒயரைக் குறை சொல்வார். துணி சுற்றிய பழைய ஒயர்கள், சீட் பெல்ட் போல்ட்டின் மரைகள், தரையிலும் கதவிலும் உள்ள வடிகால் துளைகள், ரப்பர் பீடிங் எல்லாவற்றுக்கும் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். டேப்பை மறுநாள் வரை விடாதீர்கள். நம் வெயிலில் பசை இரும்பிலேயே தங்கிவிடும்.

ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டுமா?

உள்நிறத்துக்கு வேண்டாம். வெளிநிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பதால், அதை மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும்.

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதித் திருத்தத்தின்படி 'வி.ஏ.' வரிசையில் பதிவு வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். அப்படி வாங்கினால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். பத்மினியில் தினமும் பெரம்பூர் மார்க்கெட்டுக்குப் போய்வரும் ஆசை இருப்பவர் அந்தப் பக்கம் போகவேண்டாம். சேசிஸ், உடல், எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கும் அது கிடையாது.

சாமான்கள் எங்கே கிடைக்கும்?

ரசாயனங்களுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. பீடிங், கைப்பிடி, கிளிப் வகைகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கழற்றிய பழைய பாகம் என்றால் புதுப்பேட்டைதான், வேறு பேச்சில்லை. கையில் மாதிரி இல்லாமல் போகாதீர்கள்.

அடித்து முடித்தாயிற்று. எப்போது எல்லாவற்றையும் பூட்டலாம்?

என்.சி. தொட்டால் ஒட்டாத நிலைக்கு அரை மணியில் வந்துவிடும்; அதை நம்பி அன்றே ரப்பரை மாட்டினால் அச்சு விழும். ஒரு வாரமாவது விடுங்கள். எனாமல் அடித்த தரைக்கு அதைவிடக் கூடுதலாக. நகத்தால் மறைவான இடத்தில் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை.

பூட்டும் முன், கதவின் உள்ளேயும் பெட்டித்தகடுகளுக்குள்ளும் துரு தடுப்பு மெழுகைக் குழாய் வைத்துப் பீய்ச்சுங்கள். பெயின்ட் எட்டாத அந்த இருட்டில்தான் அடுத்த துரு தொடங்கும். மெழுகு வழிந்து வடிகால் துளைகளை அடைத்திருக்கும். பழைய ஸ்போக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிட்டு, கடைசியாகக் கால்மிதியைப் போடுங்கள். சணல் பாய் வேண்டாம். கழற்றி உலர்த்த முடிகிற ரப்பர் பாயாக வாங்குங்கள், ஒட்டாமல் வையுங்கள்.